ஒரு மரபணுவைப் பாக்டீரியாவில் குளோன் செய்ய எந்த வழியைத் தேர்வது?

ஆய்வகத்தில் ஒரு மரபணுவைக் குளோன் செய்ய, அதாவது பாக்டீரியாவுக்குள் வைத்து ஒரே மாதிரியான நகல்களாக எடுக்க, தீர்மானிப்பவருக்கு இன்று குறைந்தது ஐந்து வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கிட், தனித்தனி விலை, தனித்தனி ஆதரவாளர்கள். மரபணுத் துண்டையும், அதைச் சுமந்து பாக்டீரியாவுக்குள் நகலாகும் சிறு டி.என்.ஏ. வட்டமான பிளாஸ்மிட்டையும் எதைக்கொண்டு ஒட்டுவது என்பதிலேயே பேச்சு முழுவதும் கழிந்துவிட, எந்தப் பாக்டீரியாவில் வளர்ப்பது, எந்தப் பிளாஸ்மிட்டில் ஏற்றுவது என்ற கேள்விகளுக்கு உறைபெட்டியில் அன்று என்ன மீதமிருக்கிறதோ அதுவே விடையாகிவிடுகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும் என்பது என் கருத்து. டி.என்.ஏ. கடைசியில் எங்கே போகப்போகிறது என்பதில் தொடங்கி, பாக்டீரியா, பிளாஸ்மிட், ஒட்டும் முறை, உட்புகுத்தும் முறை என்று பின்னோக்கி வந்தால், கடினமாகத் தோன்றும் தேர்வுகளில் பாதி தாமாகவே தீர்ந்துவிடும். பேச்சு அந்தரத்தில் நிற்காமல் இருக்க, பச்சை ஒளிர்புரதமான ஜி.எஃப்.பி.யின் மரபணுவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். எக்வோரியா விக்டோரியா என்னும் ஜெல்லிமீனின் இந்த மரபணுவை டக்ளஸ் பிராஷர் 1992-இல் குளோன் செய்தார். மார்ட்டின் சால்ஃபியின் குழு 1994-இல் அதை ஈ. கோலை பாக்டீரியாவில் ஒளிரச் செய்து காட்டியது. நிறுத்தக் குறியையும் சேர்த்து 717 எழுத்துகள் (டி.என்.ஏ.வின் ஏ, டி, ஜி, சி என்னும் காரங்கள்) கொண்ட சிறிய மரபணு அது.

முதலில் பாக்டீரியா தேவையா என்று கேட்பதுதான் முறை. நகல்களின் எண்ணிக்கை மட்டுமே தேவையென்றால் குழாயிலேயே நொதியால் டி.என்.ஏ.வை மீண்டும் மீண்டும் இரட்டிப்பாக்கும் பி.சி.ஆர். போதும், மூன்று மணி நேரத்தில் ஒரு மூலக்கூறு கோடிக்கணக்கில் பெருகிவிடும். ஈ. கோலையும் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும் என்றாலும், வேகத்தில் பி.சி.ஆருக்கு ஈடாகாது. பாக்டீரியாவின் உண்மையான பயன் பெருக்குவதில் இல்லை, பிரித்தெடுப்பதில் இருக்கிறது. பி.சி.ஆரில் நகலெடுக்கும் சாதாரண நொதியான டாக் பாலிமரேஸ் ஒவ்வொரு இரட்டிப்பிலும் லட்சம் எழுத்துக்கு இரண்டு பிழை செய்கிறது என்று வைத்துக்கொண்டு, 717 எழுத்துகளை 25 முறை இரட்டிப்பாக்கினால், கிடைக்கும் மூலக்கூறுகளில் ஏறத்தாழ 30 விழுக்காட்டில் குறைந்தது ஒரு பிழையாவது இருக்கும். குழாய்க்குள் இருப்பது அந்தக் கலவைதான். அதைப் பாக்டீரியாக்களுக்குள் செலுத்தி அகார் தட்டில் பரப்பினால், பெரும்பாலும் ஒரு செல்லுக்குள் ஒரு மூலக்கூறு போகிறது. அந்த ஒரு செல்லிலிருந்து ஒரு காலனி எழுகிறது. அந்தக் காலனியில் உள்ள கோடிக்கணக்கான செல்களும் அதே ஒரு மூலக்கூற்றின் நகலைத்தான் சுமக்கின்றன. பாக்டீரியா தன் டி.என்.ஏ.வை நகலெடுக்கையில் செய்யும் பிழை ஒரு தலைமுறைக்கு ஆயிரம் கோடி எழுத்துக்கு ஒன்று என்ற அளவில்தான் இருப்பதால், அங்கிருந்து மேலே வாசகம் ஏறத்தாழ மாறாமல் நிற்கிறது.

இதில் ஆபத்தும் உண்டு. பிரித்தெடுக்கப்பட்ட அந்த ஒரு மூலக்கூறு பிழையுள்ளதாக இருந்துவிட்டால், அந்தப் பிழையும் அதே விசுவாசத்தோடு நகலாகும். பரவலாகப் புழங்கிய ஜி.எஃப்.பி. பிளாஸ்மிட்டுகள் பலவற்றில் 80-ஆம் இடத்துக் குளூட்டமின் ஆர்ஜினினாக மாறியிருக்கிறது. ஒரே ஒரு எழுத்து மாறியதன் விளைவு இது, பி.சி.ஆரில் நேர்ந்த பிழையாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஒளிர்வைப் பாதிக்காததால் அது ஆய்வகம் விட்டு ஆய்வகம் சுற்றி வந்தது. ஆகவே, மரபணு இருக்கிறதா இல்லையா என்று பார்க்க மட்டும் வேண்டுமென்றால் பி.சி.ஆரோடு நிறுத்திக்கொள்ளலாம். புரதமாக வெளிப்படுத்தவோ, வேறோர் உயிரிக்குள் செலுத்தவோ, பல ஆண்டுகள் வைத்து எடுக்கவோ வேண்டுமென்றால் குளோன் செய்யத்தான் வேண்டும், அதுவும் பிழை குறைந்த உயர்துல்லியப் பாலிமரேஸைக் கொண்டு.

பி.சி.ஆரோடு நிறுத்துவது, நாமே குளோன் செய்வது ஆகிய இரண்டையும் அடுத்த மூன்றாவது வழி, மரபணுவைச் செயற்கையாக எழுதித் தரும் நிறுவனத்திடம் ஆர்டர் செய்வது. 717 எழுத்துக்கு இது இன்று எட்டாத விலையில் இல்லை. பிரைமர் (பி.சி.ஆரில் நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு), பாலிமரேஸ், நொதி, ஆய்வாளரின் இரண்டு மூன்று வாரம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்ப்பவர்கள் பல நேரம் இதுவே மலிவு என்று காண்பார்கள். மூல உயிரியின் டி.என்.ஏ. கைக்கு எட்டாதபோதும், அமினோ அமிலங்களைக் குறிக்கும் மூன்றெழுத்துக் குறியீடுகளில் ஈ. கோலை விரும்புபவற்றுக்கு மரபணுவை மாற்றி எழுத வேண்டியபோதும் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம். நீளம் கூடக்கூட விலையும் காத்திருப்பும் ஏறும். ஒரே வாசகம் திரும்பத் திரும்ப வரும் பகுதிகளை எழுதித் தர நிறுவனங்கள் மறுப்பதும் உண்டு. சொல்லப்போனால், பிளாஸ்மிட்டில் ஏற்றித் தரக் கேட்டால், அந்த நிறுவனமும் பெரும்பாலும் தான் எழுதிய துண்டை ஈ. கோலையில் ஏற்றி, காலனி எடுத்து, வாசித்துப் பார்த்துத்தான் அனுப்புகிறது. பாக்டீரியாவை நாம் தவிர்த்துவிடவில்லை, வேறொருவர் கையில் கொடுக்கிறோம்.

இனி பாக்டீரியாவின் தேர்வு. ஈ. கோலை என்று ஒரே பெயரில் சொன்னாலும், குளோன் செய்வதற்கான ரகங்களும் புரதம் எடுப்பதற்கான ரகங்களும் வேறு வேறு. டி.எச்.5 ஆல்ஃபா போன்ற குளோனிங் ரகங்களில் மூன்று மாற்றங்கள் முக்கியமானவை. ரெக்-ஏ மரபணு செயலிழந்திருப்பதால் ஏற்றிய டி.என்.ஏ. தனக்குள் இடம் மாறிப் பின்னிக்கொள்வது குறைகிறது. எண்ட்-ஏ செயலிழந்திருப்பதால் பிரித்தெடுக்கும் பிளாஸ்மிட் சிதையாமல் தூய்மையாகக் கிடைக்கிறது. வெளி டி.என்.ஏ.வை வெட்டும் அமைப்பு முடக்கப்பட்டிருப்பதால், பி.சி.ஆரில் வந்த, மெத்தில் குறியிடப்படாத துண்டும் பிழைத்துக்கொள்கிறது. புரத உற்பத்திக்குரிய பி.எல்.21 (டி.இ.3) ரகத்தில் முதல் இரண்டு வசதிகளும் இல்லை, அதற்குப் பதிலாக, புரதங்களைச் சிதைக்கும் லான், ஓ.எம்.பி.டி. ஆகிய இரண்டு புரோட்டியேஸ்கள் அதில் இல்லை, டி7 வைரஸிலிருந்து வந்த, மரபணுவை ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கும் டி7 ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் இருக்கிறது. 1986-இல் ஸ்டுடியரும் மொஃபாட்டும் அறிமுகப்படுத்திய இந்த டி7 அமைப்புதான் இன்றும் உற்பத்தியின் முதுகெலும்பு.

நேரம் மிச்சம் என்று எண்ணி ஒட்டிய கலவையை நேரடியாக பி.எல்.21-இல் செலுத்துவோர் உண்டு. இதை நான் பரிந்துரைப்பதில்லை. உட்புகும் விகிதம் குறைவு என்பது சிறிய காரணம். டி7 பாலிமரேஸ், நாம் தூண்டும் முன்பே சிறிதளவு கசிந்து புரதம் உண்டாகத் தொடங்குவதும், அந்தப் புரதம் செல்லுக்குத் தீங்கானதாக இருந்தால் அதைச் சரியாக உண்டாக்கும் செல்கள் மெதுவாக வளர்ந்து, மரபணு சிதைந்த செல்கள் பெரிய காலனிகளாகத் தட்டில் முந்தி நிற்பதும்தான் பெரிய காரணம். கண்ணுக்கு நன்றாகத் தெரியும் காலனியைத் தொட்டெடுக்கும் பழக்கம் நமக்கு இருப்பதால், தவறான குளோனை நாமே தேர்ந்தெடுத்துவிடுகிறோம். ஜி.எஃப்.பி. தீங்கற்றது, ஆகவே இந்தச் சிக்கல் அதில் தெரியாது. சவ்வுப் புரதம், டி.என்.ஏ.வை வெட்டும் நியூக்ளியேஸ் போன்றவற்றில் தெரியும். முதலில் டி.எச்.5 ஆல்ஃபாவில் குளோன் செய்து, வாசித்துச் சரிபார்த்து, பிறகு பி.எல்.21-க்கு மாற்றினால் மூன்று நாள் கூடும், அவ்வளவே. தீங்கான புரதம் என்றால் டி7 பாலிமரேஸைத் தடுக்கும் டி7 லைசோசைமைத் தரும் பி.லைஸ்-எஸ் பிளாஸ்மிட் உள்ள ரகத்தை எடுப்பதும், வளர்ப்பு ஊடகத்தில் குளுக்கோஸ் சேர்ப்பதும் கசிவை அடக்கும். லென்டிவைரஸ் கடத்திகளை (கடத்தி என்பது மரபணுவைச் சுமந்து செல்லும் டி.என்.ஏ.) போல ஒரே வாசகம் இரு முனைகளிலும் வரும் பிளாஸ்மிட்டுகளுக்கு எஸ்.டி.பி.எல்.3 போன்ற ரகமும் 30 டிகிரி வெப்பநிலையும் பாதுகாப்பானவை.

பிளாஸ்மிட் என்று வரும்போது, நகல் எண்ணிக்கை கூடினால் நல்லது என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது. 1973-இல் கோஹனும் பாயரும் தம் குழுவினருடன் முதன்முதலில் பயன்படுத்திய பி.எஸ்.சி.101 ஒரு செல்லில் ஐந்து நகல் அளவில்தான் இருக்கும். 1977-இல் வந்த பி.பி.ஆர்.322 என்னும் 4361 எழுத்துப் பிளாஸ்மிட் 15 முதல் 20 வரை. 2686 எழுத்துகளே கொண்ட பி.யூ.சி.19 சில நூறு நகல்களுக்குப் போகும். டி.என்.ஏ.வை மட்டும் நிறைய எடுக்க பி.யூ.சி. வகையே சிறந்தது, 5 மில்லி வளர்ப்பிலிருந்தே பத்து மைக்ரோகிராமுக்கு மேல் கிடைக்கும். ஆனால் தீங்கான மரபணுவை நூற்றுக்கணக்கான நகல்களில் வைத்தால் கசிவும் நூற்றுக்கணக்காகும். புரத உற்பத்திக்குரிய பி.இ.டி. பிளாஸ்மிட்டுகள் பி.பி.ஆர்.322-இன் நகலெடுப்புத் தொடக்கப் புள்ளியை (நகல் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் பகுதி) வைத்திருப்பது இந்த வகையில் வசதியானது. நீளமும் ஒரு வரம்பு. சாதாரணப் பிளாஸ்மிட்டில் 10,000 எழுத்தைத் தாண்டினால் தொல்லை தொடங்கும். லாம்டா வைரஸின் உறைக்குள் அடைத்துச் செலுத்தும் காஸ்மிட் 40,000 எழுத்துக்கு அருகில் நிற்கும். 1992-இல் வந்த பாக்டீரியாச் செயற்கைக் குரோமோசோமான பி.ஏ.சி. 3 லட்சம் எழுத்து வரை தாங்கும், அதுவும் செல்லுக்கு ஒன்றிரண்டு நகல் என்ற அடக்கத்தால். ஈஸ்டில் வளரும் ஒய்.ஏ.சி. இதைவிட நீளமானவற்றை ஏற்றாலும், வெவ்வேறு இடத்துத் துண்டுகள் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும் குறை அதில் மிகுதி; மனித மரபணுத்தொகுதித் திட்டம் பி.ஏ.சி.யை நம்பியதில் வியப்பில்லை. ஜி.எஃப்.பி.க்கு இந்தப் பெரிய கடத்திகள் எதுவும் வேண்டாம், பி.இ.டி.-28ஏ போதும்.

இப்போதுதான் ஒட்டும் முறைக்கு வருகிறோம். பழைய வழி, குறிப்பிட்ட வாசகத்தைக் கண்டு டி.என்.ஏ.வை வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதியால் இரண்டையும் வெட்டி, டி4 லைகேஸ் என்னும் இணைப்பு நொதியால் ஒட்டுவது. செலவு குறைவு, நொதிகள் பெரும்பாலும் ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கும், எங்கே தவறியது என்று ஒவ்வொரு படியையும் ஜெல்லில் பார்த்துக் கண்டுபிடிக்கலாம். இதன் பெரிய தடை, வெட்டும் இடம் மரபணுவுக்குள்ளும் இருந்துவிடுவது. ஆறெழுத்து நொதி ஒன்று சராசரியாக 4096 எழுத்துக்கு ஓரிடத்தில் வெட்டும். ஆகவே 717 எழுத்தில் அந்த இடம் இருக்க வாய்ப்பு 16 விழுக்காடுதான், ஆனால் 5000 எழுத்துள்ள மரபணுவில் இல்லாமல் இருக்க வாய்ப்பு 30 விழுக்காடே. சிறிய மரபணு என்று அலட்சியமாக இருக்கவும் முடியாது. பி.இ.டி.-28ஏ-இல் மரபணுவின் தொடக்கத்தை வைக்க வழக்கமாக எடுப்பது என்டிஇ-1 என்னும் நொதி. அது தேடும் சி-ஏ-டி-ஏ-டி-ஜி என்ற வாசகம், ஜெல்லிமீனின் மூல ஜி.எஃப்.பி. மரபணுவில் 77, 78-ஆம் அமினோ அமிலங்களான ஹிஸ்டிடின், மெத்தியோனின் இரண்டும் அடுத்தடுத்து வரும் இடத்தில் அப்படியே இருக்கிறது. பார்க்காமல் வெட்டியவருக்கு மரபணு இரண்டு துண்டாகும். ஹிஸ்டிடினின் சி-ஏ-டி-யை சி-ஏ-சி என்று மாற்றினால் புரதம் மாறாது, வெட்டும் இடம் மட்டும் மறையும். மனித செல்லுக்காக மாற்றி எழுதிய ஈ-ஜி.எஃப்.பி.யில் இந்த இடம் ஏற்கெனவே இல்லை.

இந்தத் தடையைத் தாண்டத்தான் கிப்சன் முறை பயன்படுகிறது. டேனியல் கிப்சனும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட இம்முறையில் துண்டுகளின் முனைகள் 15 முதல் 40 எழுத்து வரை ஒன்றோடொன்று ஒத்திருக்குமாறு பிரைமர்களை அமைக்கிறோம். பிறகு 50 டிகிரியில், ஒரே குழாயில், ஓர் எக்ஸோநியூக்ளியேஸ் முனைகளின் ஓர் இழையைக் கடித்துத் தின்கிறது, வெளிப்பட்ட மறு இழைகள் இணை சேர்கின்றன, பாலிமரேஸ் இடைவெளியை நிரப்புகிறது, லைகேஸ் பிணைக்கிறது. ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். மரபணுவுக்குள் எந்த வெட்டிடம் இருந்தாலும் கவலையில்லை. இணைப்பில் தேவையற்ற எழுத்து ஒன்றும் மிஞ்சாது. மூன்று நான்கு துண்டுகளை ஒன்றாக்கும் வேலையில் வெட்டி ஒட்டும் பழைய முறை இதன் அருகில் வர முடியாது. குறைகள் மூன்று: கலவையின் விலை, நீண்ட பிரைமர்களின் விலை, 200 எழுத்துக்கும் குறைவான துண்டுகளை எக்ஸோநியூக்ளியேஸ் முழுவதுமாகத் தின்றுவிடும் அபாயம். முனைகளில் ஒரே வாசகம் திரும்ப வந்தால் தவறான இடத்தில் ஒட்டிக்கொள்வதும் உண்டு.

கோல்டன் கேட் முறையின் அறிவுக்கூர்மை எனக்கு மிகவும் பிடித்தது. 2008-இல் வந்த இது பிஎஸ்ஏ-1 போன்ற நொதிகளின் ஒரு விசித்திரத்தைப் பயன்படுத்துகிறது: அந்நொதி தான் அடையாளம் காணும் இடத்தில் வெட்டாமல், சற்றுத் தள்ளி வெட்டி நான்கெழுத்து ஒட்டும் முனையை விட்டுச்செல்கிறது. அந்த நான்கெழுத்து என்ன என்பதை நாமே தீர்மானிக்கலாம் என்பதால், துண்டுகள் எந்த வரிசையில் சேர வேண்டுமோ அந்த வரிசையில் மட்டுமே சேரும். சரியாகச் சேர்ந்ததில் வெட்டும் இடமே இல்லாமற்போவதால், நொதியையும் லைகேஸையும் ஒரே குழாயில் வைத்து 37 டிகிரிக்கும் 16 டிகிரிக்கும் மாற்றி மாற்றிச் சுழற்றினால் சரியான இணைப்பு மட்டும் குவிகிறது. 20-க்கும் மேற்பட்ட துண்டுகளைக்கூட ஒரே வினையில் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் பிஎஸ்ஏ-1 அடையாளம் காணும் வாசகம் இரு திசையிலும் வேறுபடுவதால் அது சராசரியாக 2048 எழுத்துக்கு ஒன்று வரும். உள்ளே இருக்கும் அத்தகைய இடங்களையெல்லாம் முன்கூட்டியே நீக்க வேண்டும், பிளாஸ்மிட்டிலும்தான். இருபது முப்பது புரோமோட்டர்களையும் (மரபணுவை இயக்கும் தொடக்கப் பகுதிகள்) மரபணுக்களையும் மாற்றி மாற்றிக் கோக்கும் திட்டத்துக்கு அந்த முன்வேலை வட்டியோடு திரும்பி வரும். ஒரே ஒரு ஜி.எஃப்.பி.யை ஒரே ஒரு பிளாஸ்மிட்டில் வைக்க அது வீண் சுமை.

மற்ற இரண்டையும் சுருக்கமாகச் சொல்லலாம். டாக் பாலிமரேஸ் முனையில் விடும் ஒற்றை ஏ எழுத்தைக்கொண்டு ஒட்டும் டி.ஏ. குளோனிங் மிக எளிது, ஆனால் துண்டு நேராகவும் போகும், தலைகீழாகவும் போகும். உயர்துல்லியப் பாலிமரேஸ்கள் பொதுவாக அந்த ஏ-யை விடுவதுமில்லை. கேட்வே முறை லாம்டா வைரஸின் இணைவு நொதிகளைப் பயன்படுத்துகிறது. ஒரு மரபணுவைப் பத்துக் கடத்திகளுக்கு மாற்ற வேண்டியவருக்கு வசதி, மற்றவருக்கு விலையும் இணைப்பில் நிரந்தரமாகத் தங்கும் 25 எழுத்துத் தழும்பும்தான் மிச்சம்.

பேசப்படாத ஒரு வழியும் இருக்கிறது. 20 முதல் 30 எழுத்து ஒத்த முனைகள் கொண்ட நேர்த்துண்டுகளை எந்த நொதியாலும் ஒட்டாமல் அப்படியே டி.எச்.5 ஆல்ஃபாவுக்குள் செலுத்தினால், ரெக்-ஏ இல்லாதபோதும் பாக்டீரியா அவற்றைத் தானே ஒட்டிக்கொள்கிறது. பி.சி.ஆருக்குப் பயன்படுத்திய மூலப் பிளாஸ்மிட்டை டிபிஎன்-1 நொதியால் அழித்துவிட வேண்டும், வேறு செலவில்லை. காலனிகள் குறைவாகவே வரும், ஆனால் நமக்குத் தேவை ஒன்றுதான். கிட் வந்து சேரக் காத்திருக்கும், பணம் இறுக்கமான ஆய்வகத்தில், ஒரு துண்டை ஒரு பிளாஸ்மிட்டில் வைக்கும் வேலைக்கு நான் முதலில் முயலச் சொல்வது இதைத்தான். நல்ல ஏற்புத்திறன் கொண்ட செல்கள் வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

செல்களுக்குள் செலுத்துவது கால்சியம் குளோரைடும் வெப்ப அதிர்ச்சியுமா, மின் அதிர்ச்சியா? 1970-இல் மாண்டலும் ஹிகாவும் தொடங்கிவைத்த கால்சியம் முறையில், பனிக்கட்டியில் அரை மணி வைத்து 42 டிகிரியில் 30 முதல் 45 வினாடி காட்டினால் போதும். ஆய்வகத்திலேயே செய்த செல்கள் ஒரு மைக்ரோகிராம் முழுப் பிளாஸ்மிட்டுக்குப் பத்து லட்சம் முதல் ஒரு கோடி காலனி வரை தரும். மின் அதிர்ச்சி அதை ஆயிரம் கோடி வரை உயர்த்தும். ஒரு குளோன் தேடுபவருக்கு முதலாவது போதும். லட்சக்கணக்கான வேறுபட்ட குளோன்கள் கொண்ட நூலகம் அமைப்பவருக்கும் பி.ஏ.சி. செலுத்துபவருக்கும் இரண்டாவது கட்டாயம். ஒட்டும் கலவையில் உள்ள உப்பை நீக்காமல் மின் அதிர்ச்சி கொடுத்தால் பொறி பறக்கும், செல்களும் மாதிரியும் ஒருங்கே போகும்.

எந்த முறையிலும் தட்டில் முளைக்கும் வெற்றுக் காலனிகளுக்குக் காரணம் பெரும்பாலும் வெட்டப்படாமல் மிஞ்சிய மூலப் பிளாஸ்மிட். முறுக்கு குலையாத அந்த வட்டம், லைகேஸ் ஒட்டித் தந்த வட்டத்தைவிட மிக எளிதாக உள்ளே நுழையும். நூற்றில் ஒரு பங்கு மிஞ்சினாலும் தட்டை நிரப்பிவிடும். இதனால்தான் மரபணுத் துண்டு சேர்க்காத கட்டுப்பாட்டுத் தட்டு ஒன்றை எப்போதும் போட வேண்டும். அதில் நூறு காலனி, மரபணுத் தட்டிலும் நூறு காலனி என்றால் தொட்டெடுக்கவே வேண்டாம், பிளாஸ்மிட்டை மீண்டும் வெட்டுவது நல்லது. பிளாஸ்மிட் ஏறிய செல்களை மட்டும் வளரவிடும் எதிர்ப்பி மருந்தில் தேர்வு இருந்தால் ஆம்பிசிலினைவிடக் கனமைசின் தெளிவான தட்டைத் தரும். ஆம்பிசிலினைச் சிதைக்கும் நொதி செல்லுக்கு வெளியே கசிந்து, சுற்றிலும் பிளாஸ்மிட் இல்லாத குட்டிக் காலனிகளை வளரவிடுகிறது.

சரிபார்ப்பில் சிக்கனம் கூடாது. டி.என்.ஏ. எழுத்துகளை வாசிக்கும் சாங்கர் முறையில் ஒரு வாசிப்பு 700 முதல் 900 எழுத்து வரை நம்பகமாகத் தரும், ஜி.எஃப்.பி.யின் 717 எழுத்தை ஒரே வாசிப்பில் முடிக்க முனைவது விளிம்பில் நடப்பதாகும், இரு முனையிலிருந்தும் வாசிப்பதே சரி. கிப்சன் முறையிலோ பாக்டீரியா தானே ஒட்டியதிலோ பிளாஸ்மிட்டையும் பி.சி.ஆரில் பெருக்கியிருந்தால் பிழை அங்கும் இருக்கலாம். அப்போது நானோபோர் கருவியில் முழுப் பிளாஸ்மிட்டையும் வாசிக்கக் கொடுப்பது மேல். சரியென்று தெரிந்த குளோனைக் கிளிசரால் கலந்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கலாம். திரும்ப வரும் வாசகங்கள் கொண்ட பிளாஸ்மிட்டானால், செல்லாக வைத்ததை ஒவ்வொரு முறையும் வளர்த்தெடுக்காமல், தூய டி.என்.ஏ.வாக மைனஸ் 20-இல் வைத்து, தேவைப்படும்போது புதிய செல்களில் செலுத்தி, வளர்த்தபின் மீண்டும் ஒருமுறை வாசித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.